சூரியகாந்தி: விதைக்கும் நாளும் தொழு உரமும்



சூரியகாந்தி அறுவடை முடிந்துவிட்டது. களத்தில் கொண்டைகள் காய்கின்றன. விவசாயி ஒரு கொண்டையைக் கையில் எடுக்கிறார். பெரிய கொண்டை. சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கிறது. ஓரத்தில் விதைகள் கறுப்பாக, திரட்சியாக இருக்கின்றன. நடுவில் விரலால் அழுத்துகிறார். விதை நசுங்குகிறது. உள்ளே பருப்பு இல்லை. வெறும் தோல். பொக்கு.

வடகர்நாடகத்தில் ராய்ச்சூர், கொப்பள், கதக், விஜயபுரா ஆகிய மாவட்டங்கள் உள்ளன. அங்கே பெரும்பாலும் கரிசல் நிலம். இடையிடையே செம்மண். மழை குறைவு. இந்தியாவில் சூரியகாந்தி அதிகம் விளையும் மாநிலம் கர்நாடகம். அதிலும் இந்த வறண்ட மாவட்டங்களில்தான் அதிகம். பொக்கு விழுந்த களம் இவர்களுக்குப் புதிது அல்ல. மண்டிக்குப் போனால் வியாபாரி ஒரு பிடி அள்ளுவார். கட்டை விரலால் தேய்ப்பார். ஊதுவார். பொக்கு பறக்கும். விலையும் இறங்கும். விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் மட்டும் இறங்காது.

பொக்கு விழுந்தால் விதைக் கடைக்காரரைத் திட்டுகிறோம். மழையைத் திட்டுகிறோம். சில சமயம் விதை மோசமாக இருப்பதும் உண்டு. ஆனால் பல களங்களில் காரணம் வேறு. அது களத்தில் இல்லை. நூறு நாளுக்கு முன்னால் இருக்கிறது. விதை போட்ட நாளில் இருக்கிறது. அதற்கும் நான்கு மாதம் முன்னால், எருக்குழியில் இருக்கிறது.

முதலில் பூவைப் பார்ப்போம்.

சூரியகாந்திக் கொண்டை ஒரு பூ அல்ல. அது ஒரு பூக்கூட்டம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னப் பூக்கள் அதில் நெருக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. சுற்றிலும் தெரியும் மஞ்சள் இதழ்களில் விதை பிடிக்காது. அவை தேனீயைக் கூப்பிட மட்டுமே. உள்ளே இருக்கும் சின்னப் பூக்கள்தான் விதையாக மாறும். ஒரு சின்னப் பூவுக்கு ஒரு விதை.

இவை ஒரே நாளில் மலர்வதில்லை. வெளி வட்டம் முதலில் மலரும். அடுத்த நாள் அதற்கு உள்வட்டம். இப்படியே நடு வரைக்கும் போகும். ஒரு கொண்டை முழுதும் மலர ஏழு முதல் பத்து நாள் ஆகும்.

இந்தப் பத்து நாளில்தான் விளைச்சல் முடிவாகிறது. தேனீ வந்து ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொரு செடிக்குக் கொண்டுபோக வேண்டும். மழை பெய்தால் மகரந்தம் கழுவிப் போகும். தேனீயும் வெளியே வராது. மூன்று நாள் விடாமல் தூறினால், அந்த மூன்று நாளில் மலர்ந்த வட்டங்களில் விதை பிடிப்பது குறையும். வெயில் 38 டிகிரிக்கு மேல் போனாலும் தொல்லைதான். மகரந்தம் கெடும்.

பூ முடிந்த பிறகு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அந்த மாதத்தில்தான் விதைக்குள் பருப்பு நிறைகிறது. எண்ணெய் சேர்கிறது. அப்போது மண்ணில் ஈரம் வேண்டும். இலைகள் பச்சையாக இருக்க வேண்டும். ஈரம் போதவில்லை என்றால் செடி என்ன செய்யும்? முதலில் பிடித்த ஓரத்து விதைகளுக்கு உணவு கொடுக்கும். நடுவில் உள்ள விதைகள் கடைசியில் பிறந்தவை. அவை பட்டினி கிடக்கும். நடுவில் பொக்கு விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது கணக்குப் போடலாம். ஒரு நாட்காட்டி இருந்தால் போதும்.

வீரிய ஒட்டு ரகம் விதைத்து ஏறக்குறைய 60ஆம் நாள் பூக்கும். 90 முதல் 95 நாளில் அறுவடைக்கு வரும். மார்டன் என்ற குட்டை ரகம் அதைவிடச் சீக்கிரம் பூக்கும். 75 முதல் 80 நாளில் முடிந்துவிடும். ஆகவே விதைக்கும் நாளைத் தேர்ந்தெடுப்பவர், உண்மையில் பூக்கும் நாளைத் தேர்ந்தெடுக்கிறார். முதல் மழை விழுந்ததும் ஏரைப் பூட்டுவது நம் பழக்கம். சோளத்துக்கு அது சரியாக இருக்கலாம். சூரியகாந்திக்கு அது மட்டும் போதாது. பூக்கும் நாளில் வானம் எப்படி இருக்கும் என்று முதலில் பார்க்க வேண்டும். அதிலிருந்து 60 நாள் பின்னால் எண்ண வேண்டும்.

ஒரு கரிசல் காட்டில் அண்ணன் தம்பி இருவர் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துப் பக்கத்து நிலம். ஒரே கடையில் ஒரே விதை வாங்கினார்கள். அண்ணன் ஜூலை 15ஆம் தேதி விதைத்தார். தம்பி ஆகஸ்டு 25ஆம் தேதி விதைத்தார். அண்ணன் வயல் செப்டம்பர் நடுவில் பூக்கும். வடகர்நாடகத்தின் உள் மாவட்டங்களில் செப்டம்பர்தான் நல்ல மழை மாதம். பூவின் மேல் மழை. இலையில் கருகல் புள்ளி நோய். கொண்டையின் பின்புறம் தண்ணீர் தங்கி அழுகல். தம்பி வயல் அக்டோபர் கடைசியில் பூக்கும். பெரும்பாலும் வானம் தெளிந்திருக்கும். செப்டம்பர் மழை அவருடைய கரிசல் மண்ணுக்குள் சேமிப்பாக இருக்கும். அந்த ஈரத்தில் விதை முற்றும்.

எந்த ஆண்டும் மழை எழுதி வைத்தபடி பெய்யாது. அக்டோபரிலும் புயல் மழை வரலாம். அப்போது தம்பிக்கும் நட்டம்தான். ஆனாலும் பத்து ஆண்டுக் கணக்குப் பார்த்தால் தம்பியின் பக்கம்தான் அதிகம் சாயும். அதனால்தான் ஆழமான கரிசலில் ஆகஸ்டு பின்பகுதி முதல் செப்டம்பர் வரை விதைக்கச் சொல்கிறார்கள்.

செம்மண்ணுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. செம்மண் ஈரத்தைப் பிடித்து வைக்காது. மழை நின்ற பிறகு விதை முற்ற அங்கே தண்ணீர் இருக்காது. ஆகவே செம்மண்காரர் ஜூன் மாதத்திலேயே, மழை விழுந்தவுடன் விதைக்க வேண்டும். ஜூன் 15இல் விதைத்தால் ஆகஸ்டு நடுவில் பூக்கும். செப்டம்பர் மழையின் ஈரத்தில் விதை முற்றும். அங்கே தள்ளிப் போடுவதுதான் ஆபத்து. ஒரே ஊரில் இரண்டு மண் இருந்தால் இரண்டு தேதி. பக்கத்து வீட்டுக்காரர் விதைத்துவிட்டார் என்பதற்காக விதைப்பதில் பொருள் இல்லை.

கிணறு உள்ளவர்கள் ஜனவரியில் விதைக்கிறார்கள். ஜனவரி 10இல் விதைத்தால் மார்ச் நடுவில் பூக்கும். ஏப்ரலில் அறுத்துவிடலாம். அதையே மார்ச் மாதம் விதைத்தால் பூவும் விதையும் ஏப்ரல், மே வெயிலில் மாட்டிக்கொள்ளும். ராய்ச்சூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். எத்தனை தண்ணீர் பாய்ச்சினாலும் விதை சுருங்கும்.

வடக்கே பஞ்சாபிலும் இதே பாடம்தான். ஆனால் தேதி வேறு. அங்கே உருளைக்கிழங்கு எடுத்த நிலத்தில் ஜனவரியில் சூரியகாந்தி விதைக்கிறார்கள். கடுங்குளிர். முளைக்கவே இரண்டு மூன்று வாரம் ஆகலாம். ஏன் அந்தக் குளிரில் விதைக்க வேண்டும்? மே மாத அனல் காற்று வருவதற்குள் விதை முற்றிவிட வேண்டும் என்பதற்காகத்தான். கிழங்கு எடுக்கத் தாமதமாகி மார்ச்சில் விதைப்பவர்களுக்கு விளைச்சலும் குறைகிறது. எண்ணெயும் குறைகிறது.

எண்ணெய் என்றதும் ஒரு விஷயம். நல்ல வீரிய ஒட்டு விதை 100 கிலோவில் 35 முதல் 42 கிலோ எண்ணெய் இருக்கும். பொக்கும் அரைப்பருப்பும் கலந்தால் இது குறையும். தோல் மட்டும் அப்படியே இருக்கும். எண்ணெயின் குணமும் பருவத்தைப் பொறுத்து மாறும். சூரியகாந்தி எண்ணெயில் லினோலிக், ஒலியிக் என்று இரண்டு முக்கியக் கொழுப்பு அமிலங்கள் உண்டு. குளிர்ந்த நாட்களில் முற்றிய விதையில் லினோலிக் கூடுதலாக இருக்கும். வெப்பத்தில் முற்றினால் ஒலியிக் கூடும். இதை மண்டியில் யாரும் பார்ப்பதில்லை. ஆலைக்காரர் பார்ப்பார்.

விவசாயி வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஒரு படியைத் தலை தட்டி விதையால் நிரப்ப வேண்டும். அதை நிறுத்துப் பார்க்க வேண்டும். எடையை எழுதி வைக்க வேண்டும். அடுத்த பருவத்து விதையை அதே படியில் நிறுக்க வேண்டும். எடை கூடினால் பருப்பு கூடியிருக்கிறது. குறைந்தால் பொக்கு கூடியிருக்கிறது. மண்டிக்குப் போகும் முன்பே தன் சரக்கின் தரம் தனக்குத் தெரிந்திருப்பது நல்லது.

தேதி சரியாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. பூக்கும் நாளில் வானம் தெளிவாக இருக்கலாம். ஆனால் செடி மெலிந்து கிடந்தால் என்ன பயன்? இங்கேதான் தொழு உரம் வருகிறது.

தொழு உரத்தை நாம் குப்பை என்கிறோம். பெயரில்தான் குப்பை. கரிசல் மண்ணில் அது இறுக்கத்தைக் குறைக்கிறது. வெடிப்பைக் குறைக்கிறது. மழை நீர் உள்ளே இறங்குகிறது. செம்மண்ணில் அது பஞ்சு போல ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. மழை நின்ற பிறகு ஐந்தாறு நாள் கூடுதலாக ஈரம் நின்றால்கூட மானாவாரிச் சூரியகாந்திக்கு அது பெரிய விஷயம். துத்தநாகம், போரான் போன்ற சத்துகளும் குப்பையில் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. யூரியா மூட்டையில் அவை கிடையாது.

ஏக்கருக்கு எவ்வளவு? சுமார் 3 டன். ஒரு மாட்டு வண்டி அரை டன் என்று கொண்டால், ஆறு வண்டி.

இந்த மூன்று டன்னில் என்ன சத்து இருக்கிறது என்று பார்ப்போம். நன்றாக மக்கிய தொழு உரம் 100 கிலோவில் அரைக் கிலோ தழைச்சத்து இருக்கும். அப்படியானால் 3,000 கிலோவில் 15 கிலோ. ஆனால் அத்தனையும் இந்தப் பருவத்திலேயே கிடைக்காது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் முதல் பயிருக்குக் கிடைக்கும். அதாவது 5 கிலோ. மீதி மண்ணில் தங்கி மெதுவாக அடுத்த பயிர்களுக்குப் போகும். இறவையில் வீரிய ஒட்டு ரகத்துக்கு ஏக்கருக்கு 24 கிலோ தழைச்சத்து சொல்கிறார்கள். 24 எங்கே, 5 எங்கே?

எனவே ஒரு ஆண்டு குப்பை கொட்டிவிட்டு, மறுநாளே எல்லா உரத்தையும் நிறுத்தினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். குப்பை மட்டும் போதும் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. குப்பையோடு மண் பரிசோதனைப்படி குறைவை ஈடு செய்வதே முறை. வேப்பம் பிண்ணாக்கு, மண்புழு உரம், அசோஸ்பைரில்லம் ஆகியவை கைகொடுக்கும். தேவைப்பட்டால் அளவான ரசாயன உரமும் வேண்டும். ஆண்டுதோறும் குப்பை போட்டு வரும் நிலத்தில் பழைய மிச்சமும் சேர்ந்து வரும். அங்கே மூட்டை உரத்தைப் படிப்படியாகக் குறைக்கலாம்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. யூரியாவை அள்ளிக் கொட்டினால் செடி தழைக்கும். கொண்டை பெரிதாகும். ஆனால் விதையில் புரதம் கூடி எண்ணெய் குறையும். தண்டு ஒடியும். எண்ணெய்க்கு வேண்டியது கந்தகச் சத்து. ஜிப்சம் அல்லது சூப்பர் பாஸ்பேட் போட்டால் அது கிடைக்கும்.

குப்பை எப்படி இருக்க வேண்டும்? கறுப்பாக, உதிரியாக இருக்க வேண்டும். சாண வாடை இருக்கக் கூடாது. உள்ளே கை விட்டால் சூடு இருக்கக் கூடாது. வைக்கோல் துண்டை இழுத்தால் உடைய வேண்டும். அரைகுறையாக மக்கியதைப் போட்டால் அது மண்ணுக்குள் மக்கத் தொடங்கும். அதற்கு மண்ணில் உள்ள தழைச்சத்தையே அது எடுத்துக்கொள்ளும். முளைத்த பயிர் மஞ்சளாக நிற்கும். கரையானும் வரும். களை விதையும் வரும்.

விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே குப்பையை நிலத்தில் சேர்த்துவிட வேண்டும். இறைத்த அன்றே உழ வேண்டும். நிலத்தில் சிறு சிறு கும்பலாகக் கொட்டி, மாதக் கணக்கில் வெயிலில் விட்டுவைப்பதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அப்படி விட்டால் தழைச்சத்து காற்றில் போய்விடும். மிஞ்சுவது சக்கைதான்.

இன்னொரு உண்மையும் உண்டு. இதைத் தாய்மார்கள்தான் சொல்ல வேண்டும். சாணம் வயலுக்குப் போகுமா, அடுப்புக்குப் போகுமா? வறட்டி தட்டாவிட்டால் அடுப்பு எரியாது என்ற வீடுகள் உண்டு. விறகுக்கு வழி செய்யாமல் "சாணத்தை வயலுக்குக் கொடு" என்று சொல்வது எளிது. சாண எரிவாயுக் கலன் உள்ள வீட்டில் இரண்டும் நடக்கும். அடுப்பும் எரியும், கழிவுச் சாணக் கரைசல் உரமும் ஆகும். அது இல்லாத வீட்டில் குறைந்த சாணத்தில் அதிக உரம் செய்யும் வழியைத் தேட வேண்டும்.

அப்படி ஒரு வழி மகாராஷ்டிரத்திலிருந்து வந்தது. யவத்மால் மாவட்டத்தில் நாராயண் பண்டரிபாண்டே என்ற விவசாயி அதை உருவாக்கினார். அவர் பெயராலேயே அதற்கு நாடெப் உரம் என்று பெயர். செங்கல் தொட்டி ஒன்று கட்ட வேண்டும். நீளம் 10 அடி. அகலம் 6 அடி. உயரம் 3 அடி. சுவரில் காற்றுப் போக ஓட்டைகள் விட வேண்டும். காய்ந்த இலை, தட்டை, களை ஆகியவற்றை அரை அடி கனத்துக்குப் போட வேண்டும். அதன் மேல் சாணக் கரைசல் தெளிக்க வேண்டும். அதன் மேல் மண் தூவ வேண்டும். இப்படியே அடுக்கடுக்காக நிரப்ப வேண்டும். மேலே மண்ணும் சாணமும் குழைத்து மெழுகிவிட வேண்டும். ஒரு தொட்டிக்கு 100 கிலோ சாணம் போதும். தாவரக் கழிவு சுமார் 1,400 கிலோ வேண்டும். மண் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். மூன்று முதல் நான்கு மாதத்தில் இரண்டரை முதல் மூன்று டன் உரம் கிடைக்கும். ஒரு தொட்டி, ஓர் ஏக்கர்.

இப்போது மறுபடியும் நாட்காட்டியை எடுக்கலாம். தம்பி ஆகஸ்டு 25இல் விதைக்கிறார். ஆகஸ்டு 5 வாக்கில் உரம் நிலத்தில் இறங்க வேண்டும். தொட்டி மக்க நான்கு மாதம் வேண்டும். அப்படியானால் ஏப்ரல் முதல் வாரத்தில் தொட்டியை நிரப்பி மெழுகிவிட வேண்டும். ஏப்ரலில் வடகர்நாடகத்தில் குடிக்கவே தண்ணீர் தேட வேண்டியிருக்கும். தொட்டியோ ஈரமாக இருக்க வேண்டும். ஆகவே தொட்டியை வயலில் கட்டாமல் வீட்டுப் பக்கம், மாட்டுத் தொழுவம் கழுவும் தண்ணீர் போகும் இடத்தில் கட்டுவது நல்லது. நிழலும் வேண்டும்.

ஆகஸ்டு வரை கரிசல் நிலம் சும்மா கிடக்க வேண்டுமா? வேண்டியதில்லை. கதக் பக்கம் ஜூன் மழையில் பச்சைப்பயறு விதைக்கிறார்கள். 65 முதல் 70 நாளில் காய் பறித்துவிடுகிறார்கள். பிறகு செடியை அப்படியே மடக்கி உழுதால் அதுவும் உரம்தான். வண்டிக் கூலி இல்லாத உரம். பயறு விற்ற பணம் சூரியகாந்தி விதைச் செலவுக்கு ஆகும். ஆனால் ஜூன் மழை தாமதமானால் பயறு முடிவதும் தாமதமாகும். அப்போது சூரியகாந்தித் தேதி தள்ளிப்போகும். அந்த ஆண்டில் இரண்டில் ஒன்றை விட வேண்டியிருக்கும்.

விதைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வீரிய ஒட்டு விதை ஏக்கருக்கு 2 கிலோ. வரிசைக்கு வரிசை 2 அடி. செடிக்குச் செடி 1 அடி. குழிக்கு இரண்டு விதை. முளைத்த பத்து, பதினைந்து நாளில் குழிக்கு ஒரு செடி விட்டு மற்றதைப் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்க மனம் வராது. ஆனாலும் பிடுங்க வேண்டும். இந்த இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 22,000 செடி நிற்கும். ஒரு செடியில் 10 கிராம் விதை குறைந்தால் ஏக்கருக்கு 220 கிலோ குறையும். இரண்டு குவிண்டாலுக்கும் மேல். மானாவாரியில் மொத்த விளைச்சலே மூன்று, நான்கு குவிண்டால்தான் என்பதை நினைத்தால் அந்த 10 கிராமின் அருமை தெரியும்.

மார்டன் ரகத்தில் சொந்த விதையை எடுத்து வைத்துக்கொள்ளலாம். வீரிய ஒட்டில் அது ஆகாது. அடுத்த முறை செடிகள் கலந்து கட்டியாக வரும். சொந்த விதை என்றாலும் அறுத்த உடனே விதைக்கக் கூடாது. சூரியகாந்தி விதைக்கு ஏறக்குறைய ஒன்றரை மாதம் உறக்கம் உண்டு. அதுவரை சரியாக முளைக்காது.

மஞ்சள் இதழ்கள் விரியத் தொடங்கும்போது இரண்டு வேலைகள். ஒன்று, லிட்டருக்கு 2 கிராம் வெண்காரம் கரைத்துத் தெளிப்பது. முதலில் கொஞ்சம் வெந்நீரில் கரைத்துக்கொள்ள வேண்டும். இது போரான் சத்து. விதை பிடிக்க உதவும். இரண்டு, தேனீயைக் காப்பது. பூத்திருக்கும்போது பூச்சி மருந்து அடிப்பது தன் கூலியாளைத் தானே விரட்டுவது போல. தேனீ குறைவாக இருந்தால் கையில் மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு கொண்டைகளை மெதுவாகத் தடவிவிட வேண்டும். காலை 8 மணி முதல் 11 மணிக்குள் செய்ய வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு வாரம். இந்த வேலையைப் பெரும்பாலும் பெண்கள்தான் செய்கிறார்கள். செலவுக் கணக்கு எழுதும்போது வீட்டுப் பெண்களின் இந்த உழைப்பை யாரும் எழுதுவதில்லை. எழுத வேண்டும்.

தேதியைப் பற்றி இன்னும் ஒரு பேச்சு பாக்கி. சூரியகாந்திக்குப் பகல் நீளம், இரவு நீளம் முக்கியம் அல்ல. எந்த மாதம் விதைத்தாலும் பூக்கும். 1969இல் ரஷ்ய ரகங்கள் எண்ணெய்க்காக இந்தியாவுக்கு வந்தபோது இதுவே அதன் பெருமையாகப் பேசப்பட்டது. 1980இல் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் முதல் வீரிய ஒட்டு ரகமான பி.எஸ்.எச்-1ஐ வெளியிட்டது. பரப்பு மளமளவென்று கூடியது. 1993-94இல் நாடு முழுவதும் 25 லட்சம் ஹெக்டேருக்கு மேல் சூரியகாந்தி இருந்தது. பல இடங்களில் ஒரு வயலில் அறுவடை, பக்கத்து வயலில் பூ, அதற்கு அடுத்ததில் முளை என்று ஆண்டு முழுதும் நின்றது. பயிருக்கு ஓய்வில்லை என்றால் பூச்சிக்கும் நோய்க்கும் பஞ்சமில்லை.

1997இல் கர்நாடகத்தில் பாகேபள்ளி பக்கம் ஒரு புது நோய் தெரிந்தது. இலை கருகியது. தண்டு முறுக்கியது. கொண்டை ஒரு பக்கமாக வளைந்து நின்றது. நெக்ரோசிஸ் என்று பெயர். அது ஒரு வைரஸ் நோய். இலைப்பேன் என்ற சிறு பூச்சியும் பார்த்தீனியம் களையின் மகரந்தமும் அதைப் பரப்புகின்றன. பார்த்தீனியத்தில் வைரஸ் இருக்கும். ஆனால் செடியைப் பார்த்தால் தெரியாது. மழைப் பருவத்தில் விதைத்த பயிரில் இந்த நோய் அதிகம். செப்டம்பருக்குப் பின் விதைத்ததில் குறைவு. வயலைச் சுற்றி நான்கைந்து வரிசை சோளத்தை ஒரு வாரம் முன்னதாக விதைத்துவிட்டால் அது வேலிபோல் நின்று இலைப்பேனைத் தடுக்கும். வரப்பில் உள்ள பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் பிடுங்க வேண்டும்.

நோய், விலை வீழ்ச்சி, கிளித் தொல்லை என்று பல காரணங்களால் விவசாயிகள் சூரியகாந்தியை விட்டார்கள். 1993-94இல் இருந்த பரப்பில் இன்று ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. நம் வீட்டில் காயும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு கப்பலில் வருகிறது. உக்ரைன், ரஷ்யா, அர்ஜென்டினா ஆகிய நாடுகளிலிருந்து வருகிறது. 2022இல் உக்ரைனில் போர் மூண்டதும் இங்கே கடையில் எண்ணெய் விலை ஏறியது. அந்த விலை ஏற்றத்தில் ராய்ச்சூர் விவசாயிக்குப் பங்கு வேண்டுமென்றால் அவர் களத்தில் பொக்கு இல்லாத விதை இருக்க வேண்டும்.

"சூரியகாந்தி போட்டால் நிலம் செத்துப்போகும்" என்று பெரியவர்கள் சொல்வது உண்டு. அதில் பாதி உண்மை. அதன் வேர் ஆழமாகப் போகும். சத்தையும் ஈரத்தையும் நன்றாக உறிஞ்சும். ஆகவே அதே நிலத்தில் அடுத்தடுத்து சூரியகாந்தியே போடக் கூடாது. நடுவில் சோளம், துவரை, கொண்டைக்கடலை என்று மாற்ற வேண்டும். ஆனால் நிலத்தைச் சாகடிப்பது பயிர் மட்டும் அல்ல. அறுவடைக்குப் பிறகு தட்டையைக் குவித்துத் தீ வைக்கிறோமே, அதுவும்தான். சூரியகாந்தித் தட்டையில் சாம்பல் சத்து மிகுதி. மண்ணிலிருந்து எடுத்ததில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது.

கொண்டையின் பின்புறம் எலுமிச்சை மஞ்சளாக மாறியதும் அறுக்கலாம். இரண்டு மூன்று நாள் வெயிலில் காய வைத்து, அடித்து விதை எடுக்கலாம். அடித்த பிறகு மிஞ்சும் கொண்டைச் சக்கையை மாடு தின்னும். தட்டையை அரை அடித் துண்டுகளாக வெட்ட வேண்டும். முழுதாகப் போட்டால் மக்காது. தம்பி வயலில் நவம்பர் கடைசியில் அறுவடை முடியும். வெட்டிய தட்டையைத் தொழுவத்தில் மாட்டுக்கு அடியில் பரப்பி வைத்தால் சிறுநீரில் ஊறி மெதுவாகிவிடும். ஏப்ரல் முதல் வாரம் தொட்டி நிரப்பும்போது அது கையிருப்பாக இருக்கும்.